விற்கக் கூடாத மோட்டார் சைக்கிள்

எழுபத்தொன்பதாம் வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை. கொச்சித் துறைமுகத்தின் சுங்க அலுவலக வாசலில் நானும் அப்பாவும் ஒரு ஜெர்மன்காரரும் நின்றிருந்தோம். அம்மா வரவில்லை. மட்டாஞ்சேரி வீட்டில், வரப்போகும் வண்டிக்காக விறகை நகர்த்தி இடம் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி, அகராதியோடு உட்கார்ந்து படிப்பேன். அதில் படமாகப் பார்த்த வண்டியே ஒரு நாள் படகுத்துறை லாட்ஜ் வாசலில் நின்றது. இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தன. செயின் கிடையாது, உள்ளே ஒரு தண்டுதான் பின்சக்கரத்தைச் சுழற்றும். அதிலேயே தரைவழியாக வந்திருந்த ஜெர்மன்காரர், கையில் காசு தீர்ந்து, விற்றுவிட்டு விமானத்தில் ஊர் திரும்ப நினைத்தார். நாலாயிரம் கேட்டார். என் சேமிப்பும் அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்ந்து சரியாக இருந்தது.

பெயர் மாற்ற ஒரு கையெழுத்து போதும் என்று நினைத்துத்தான் போனோம். அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோனே, இது ஊர் சுத்திப் பாக்கக் கொண்டுவந்த வண்டியாணு. திரிச்சு அவரோட நாட்டுக்கே கொண்டுபோயே ஆகணும். இங்க விக்கணும்னா தீர்வை கட்டணும்."

அவர் சொன்ன தீர்வைக்கு எங்கள் வீட்டை விற்றாலும் போதாது. ஜெர்மன்காரருக்கும் இது புதுச் செய்தி. கப்பலில்தான் அனுப்பியாக வேண்டும் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே நின்ற அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசலில் நின்ற வண்டியின் இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு தடவ ஏறிப் பாக்கலாமான்னு அவர்ட்ட கேளுடா."

கூச்சத்தோடு கேட்டேன். அவர் சாவியை நீட்டிவிட்டு, எதிர்க்கடையில் சாயா குடிக்கப் போய்விட்டார்.

அப்பா பின்னால் ஏறி என் தோள்களைப் பிடித்துக்கொண்டார். மூட்டை தூக்கிப் பழகிய பிடி, வலித்தது. எறணாகுளம் போகும் பாலத்தில் ஏறியபோது, இஞ்சின் சத்தம் போட்டதாகவே தெரியவில்லை. பாலத்தடியில் விரிந்த காயலின் காற்று முகத்தில் அடித்தது. பாலம் இறங்கித் திருப்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன்.

"இந்த ரோடு பழனிக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"போகும்ப்பா. ஒரு பகல் போதும்."

"அப்ப எதுக்குடா திருப்புற?"

வண்டியைத் திருப்பினேன். ஜெர்மன்காரர் அங்கே காத்திருந்தாரே. வழியில் பெட்ரோல் பங்கைக் கண்டதும் அப்பா நிறுத்தச் சொன்னார். அடுத்தவன் வண்டியில் சும்மா போகக் கூடாதாம். வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு லிட்டருக்கான காசை அவரே எடுத்துக் கொடுத்தார்.

போன வருடம், எண்பத்தைந்தில், தவணையில் நூறு சி.சி. வண்டி வாங்கிவிட்டேன், ஜப்பான் நுட்பத்தில் வந்த புது வண்டி. முட்டி மடங்கவில்லை என்று அப்பா ஏற மறுக்கிறார். இன்றும் மனம் ஏங்குவது பாலத்துக்கு அப்பால் நாங்கள் போகாத அந்த வழிக்குத்தான். போய் வந்த தூரத்துக்கு எங்களுக்கு ஆன செலவு, ஒன்பது ரூபாய்.