வரிசை தப்பாத நூற்றறுபது அட்டை

ஆரணியில் பட்டுத்தறி நெய்கிற கமலக்கண்ணன்கள் பல பேர். ஆனால் தெருவுக்கு வந்து விசாரிப்பவர் "வீட்டை ஜோடிச்சுகினே இருப்பாரே, அவரு" என்று சொன்னால் போதும். வழி காட்டுகிறவர் முதலில் சிரித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். அந்தச் சிரிப்பு கமலக்கண்ணனுக்கும் தெரியும். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு ஊர் முழுக்க அடையாளம் கிடைத்திருக்கிறது, அதைக் குறை சொல்லலாமா என்று அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

வீடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதிதான் அவர் ராஜ்ஜியம். பண்டிகைக்குப் பண்டிகை அந்தப் பத்தடிக்குள் அவர் செய்யாத அட்டகாசம் இல்லை. காசு செலவழிக்கக் கூடாது, ஆனால் பார்ப்பவர்கள் பெரிய செலவு என்று நினைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கையின் முதல் பாதியில் அவர் ஒருமுறையும் தவறியதில்லை.

ஒரு பொங்கலுக்குக் களம்பூரில் மாமனார் வேலை பார்க்கும் அரிசி மில்லிலிருந்து பழைய கோணிகளை வாங்கிவந்து, ஓரத்தில் ஜரிகைக் கழிவை வைத்துத் தைத்துத் திரை போட்டார். கைப்பேசி வீடியோவில் பார்த்தபோது அது பங்களா வீட்டுத் திரை போலத்தான் இருந்தது. சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறியபோது திரையிலிருந்து அரிசி வண்டுகள் இறங்கிவந்து விருந்தாளிகளோடு பந்தியில் உட்கார்ந்தன. கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை மாடம் வரை குட்டிப் பாதங்கள் போட அட்டையில் அச்சு வெட்டினார். வெட்டியது இடது பாதம் மட்டும். இருபத்தெட்டு இடது பாதங்களையும் போட்டு முடித்த பிறகு ஹேமலதா வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, கண்ணன் நொண்டி அடிச்சிகினு வராரா?" என்றாள்.

ஹேமலதா களம்பூர்க்காரி, அவருடைய மனைவி. தறி வேலை எதுவும் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மறுத்துவிட்டாள். அவர் அலங்காரத்துக்கு அவள் செய்கிற ஒரே உதவி, முடிந்த பிறகு பெருக்குவது. ஆனால் அடை சுடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விருந்தாளிகள் வருவது அதற்காகத்தான் என்று கமலக்கண்ணனுக்கு உள்ளூரத் தெரியும். அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இப்படிப்பட்டவருக்குப் போன ஐப்பசியில் ஓர் ஆசை வந்தது. அவருக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி அருணகிரி, பஜாரில் புதிதாக ஜவுளிக்கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. அதற்குள் என்ன வைப்பது, எப்படி ஜோடிப்பது என்று முதலாளி யோசித்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு. கமலக்கண்ணன் இரண்டு வாரம் தூக்கத்தை விட்டார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, தன் கைவேலையை ஊரே நின்று பார்க்க வேண்டும், சிரிக்காமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மூன்றாவது வாரம் துணிந்து கேட்டுவிட்டார்.

அருணகிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கார்த்திகை அன்னிக்கு வூட்டுக்கு வரேன். உன் வேலையைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

முதலாளி நெசவாளி வீட்டுக்கு வருவதே பெரிய விஷயம். கமலக்கண்ணன் பரணில் ஏறினார். அங்கே பழைய ஜக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தறியின் தலைக்கு மேல் ஓடுகிற ஓட்டை போட்ட அட்டைகள் அவை. எந்த ஓட்டை எங்கே இருக்கிறதோ அதன்படிதான் புடவையில் மயிலும் மாங்காயும் விழும். அட்டைக்குப் பின்னால் சீரியல் விளக்கு எரிந்தால் சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். கார்த்திகைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? செலவும் இல்லை. அவர் மூளையை அவரே தட்டிக்கொடுத்தார்.

ஆனால் பழைய அட்டைகளில் எண்ணெய்க் கறை. முதலாளி வருகிற அன்று கறைபிடித்த அட்டையா? கண் தறியின் பக்கம் போனது. அங்கே நான்கு நாளுக்கு முன் வந்த புது அட்டைக் கட்டு இருந்தது. இன்னும் கயிறு கோக்கவில்லை. மொட மொடவென்று, பழுப்பு நிறத்தில், ஒரு கைரேகைகூட இல்லாமல் நூற்றறுபது அட்டை. திங்கட்கிழமைதான் தறியில் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றி வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

கம்பியை வளைத்துக் கொக்கி செய்து, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டார். எட்டு சரம், சரத்துக்கு இருபது அட்டை. அட்டையின் ஓரத்தில் நம்பர் போட்டிருந்தது. ஒன்றாம் நம்பர் மேலே, இரண்டு அதன் கீழே, மூன்று அதன் கீழே. அவர் நினைத்து அப்படிச் செய்யவில்லை. இருபத்தைந்து வருடம் தறியில் இருந்த கைக்கு அட்டையை வேறு விதமாக அடுக்கத் தெரியாது. கழுத்தைப் பிடித்து நெரித்தாலும் இரண்டுக்கு அடுத்து மூன்றைத்தான் வைக்கும்.

கார்த்திகை அன்று சாயங்காலம். வாசலில் அகல் வரிசை, கொட்டாங்குச்சியில் சாமந்தி, வாழை மட்டையில் பொரி உருண்டை. கூடத்துச் சுவரில் அட்டைச் சரங்களுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. தெருக்காரர்கள் நான்கைந்து பேர் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கமலக்கண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் சாப்பிட உட்கார்ந்தவர் பக்கத்துத் தெருத் தமிழ்வாணன். சிநேகிதர். ஆரணியில் நாலைந்து முதலாளிகளுக்கு அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுப்பது அவர் தொழில். அடையைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"டேய் கமலா," என்றார் மெதுவாக. "அன்னம் நல்லா வந்துகீது. வாயில ஒரு கொடி கவ்விகினு இருக்கு இல்ல? அருணகிரி மொதலாளியோட புது முகூர்த்தப் பொடவையா?"

கமலக்கண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கடைத் திறப்புக்கென்று முதலாளி தனியாகப் போடச் சொன்ன டிசைன் அது. உள்ளூரில் ஒரு கண்ணிலும் படக் கூடாது என்று வெளியூரில் அட்டை அடித்து வாங்கினார். "கடை திறக்கற வரைக்கும் வெளிய தெரியக் கூடாதுப்பா" என்று சொல்லித்தான் கட்டைக் கையில் கொடுத்தார். வேறு ஊரில் அந்தச் சுவரைப் பார்ப்பவனுக்கு அது வெறும் பொட்டு விளக்கு. ஆரணியில் தெருவுக்குப் பத்துப் பேர் அதைப் படிப்பார்கள். அவர் ஊருக்கே படிக்கக் கொடுத்திருந்தார், வரிசை பிசகாமல், விளக்கும் போட்டு.

"வேற எவனாவது பாக்கறதுக்கு மின்னாடி எடுத்துடு. நான் பாத்தது என்னோட போவட்டும்" என்றார் தமிழ்வாணன்.

"எடுத்துட்டா மொதலாளிக்கு எதைக் காட்டறது? வெறும் சுவரையா?"

"அப்ப கலைச்சு மாட்டு. யாராலயும் படிக்க முடியாது."

அதே நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். கோயிலிலிருந்து கிளம்பிவிட்டாராம். கமலக்கண்ணன் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஸ்டூலில் ஏறினார். முதல் சரத்தைக் கழற்றினார், கலைத்தார், மாட்டினார். பார்த்தால் ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒழுங்காகத் தொங்கியது. மறுபடி கழற்றினார். இந்த முறை பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. தன் கையே தன் பேச்சைக் கேட்காத பேஜாரில் அவருக்கு அழுகை வந்தது.

ஹேமலதா கரண்டியோடு வந்து ஒரு நிமிஷம் பார்த்தாள். கரண்டியைத் தமிழ்வாணன் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, அடை தீயாம பாத்துக்கங்க. நீங்க எறங்குங்க ஜல்தி."

அவள் எட்டுச் சரத்தையும் நாலு நாலாகப் பிரித்தாள். சிலதைத் தலைகீழாக, சிலதைக் குறுக்காக, சிலதை ஓரமாகச் சாய்த்து மாட்டினாள். கொக்கி போதாத இடத்தில் ஒன்றும் மாட்டாமல் சும்மா விட்டாள். மாட்டவே நேரமில்லாத அட்டைகளைத் தறிக்குப் பின்னால் தள்ளினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தோசைக்கல்லுக்குத் திரும்பியபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

அருணகிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சந்து விட்ட இடங்களில் வெளிச்சம் கொட்டியது, மற்ற இடங்களில் அட்டை வழியாகச் சிந்தியது. ஒன்று போல் ஒன்று இல்லை. தலையைச் சாய்த்தபடி கொஞ்ச தூரம் பின்னால் போய்ப் பார்த்தார்.

"ஏம்பா கமலக்கண்ணா, ரெண்டு தோரணம் கட்டி வெச்சிருப்பியோன்னு நெனச்சுகினு வந்தேன். இது இன்னா இப்படிப் பண்ணி வெச்சிருக்கே!" என்றார். "இதை அப்படியே கழட்டிகினு போய்க் கடைக் கண்ணாடிக்குள்ள மாட்டிடு. ஒரு அட்டை மாறக் கூடாது."

இருபது வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அதற்கு "சரிங்க" என்று சொல்லியிருக்கலாம். பழைய அட்டையில் இதே போல் ஒன்று செய்து மாட்டியிருக்கலாம். வாய்கூடத் திறந்துவிட்டது. ஆனால் முதலாளி கிட்டே போய் ஓர் அட்டையைத் தொட்டுத் திருப்பப் பார்த்தார். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் அவர் பேர் சிவப்பு மசியில் முத்திரை குத்தியிருந்தது. கமலக்கண்ணன் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பின்னாளில் இதை நேர்மை என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அது வெறும் பயம்.

அருணகிரியின் முகம் இறுகியது. "யாரு பாத்தா?"

"தமிழ்வாணன் பாத்துட்டாங்க. தெருக்காரங்க நாலு பேரு எட்டிப் பாத்தாங்க. அவங்க யாரும் அட்டை படிக்கிறவங்க இல்லைங்க."

சமையலறையிலிருந்து கரண்டியோடு தமிழ்வாணன் தலையை நீட்டினார். "நான் அடையைத்தான் மொதலாளி பாத்துகினு இருக்கேன். வேற எதையும் பாக்கல."

முதலாளி சிரிப்பை அடக்கியது மீசையில் தெரிந்தது. மறுபடி சுவரைப் பார்த்தார். "என் டிசைன். எனக்கே தெரியல" என்றார். "வரிசையா மாட்டினது நீ. கலைச்சு மாட்டினது?"

"என் பொஞ்சாதிங்க" என்று கமலக்கண்ணன் சமையலறையைக் காட்டினார்.

"ஏம்மா, கடைக் கண்ணாடியை ஜோடிக்க நீ வரியா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? அவசரத்துல கலைச்சேன், அவ்ளோதான்."

"அதேதாம்மா வேணும்." பிறகு கமலக்கண்ணனிடம் திரும்பினார். "நீ இதையெல்லாம் அடுக்கிக் கயிறு கோத்துத் திங்கட்கிழமை தறியில ஏத்து. ஒரு அட்டை கொறைஞ்சா உனக்கு நூலு கெடையாது."

அடை சாப்பிட்டுவிட்டு முதலாளி போனார். மறுநாள் முழுக்கக் கமலக்கண்ணன் தரையில் உட்கார்ந்து நூற்றறுபது அட்டையையும் நம்பர் பார்த்து அடுக்கினார். பொறாமையாக இருந்தது. சொந்தப் பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிற கேவலத்தை யாரிடம் சொல்ல முடியும்? அவர் இருபது வருடம் வீடியோ பார்த்து, வெட்டி, ஒட்டி, வண்டு கடி வாங்கிச் சேர்த்த ரசனையை, அவள் அடை திருப்புகிற இடைவேளையில் தாண்டிப் போய்விட்டாள்.

தை பிறந்து கடை திறந்தது. கண்ணாடிக்குள் ஹேமலதா மாட்டியது பரணில் கிடந்த பழைய அட்டைகளை. அவர் வேண்டாமென்று ஒதுக்கிய எண்ணெய்க் கறைதான் வெளிச்சம் பட்டுத் தேன் நிறத்தில் மினுங்கியது. நடுவே அன்னம் போட்ட முகூர்த்தப் புடவை தொங்கியது. நெய்தது கமலக்கண்ணன். அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அட்டையைத்தான் போட்டோ எடுத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

திறப்பு அன்று காலையில் கடைசி நேர வேலையாக அவள் மேலே நின்று மாட்ட, அவர் கீழே நின்று கொக்கி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணெதிரே நாற்பத்தொன்றாம் அட்டை. அதன் கீழே நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டு அந்த மூலையில் தலைகீழாகத் தொங்கியது. அவர் கை தானாக அந்தப் பக்கம் போனது.

"கை" என்றாள் ஹேமலதா, திரும்பிப் பார்க்காமலே.

அவர் கையை இழுத்துக்கொண்டார். வெளியே நின்ற ஒரு பெண் கண்ணாடியைத் தட்டி, இதை யார் செய்தது என்று சைகையில் கேட்டாள். கமலக்கண்ணன் விரலை மேலே காட்டினார். பிறகு தன் கையில் இருந்த கொக்கியையும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.