கலைவாணிக்குக் கெடச்ச கொள்ளுத்தாத்தா

இன்னிக்கு மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில, ஆபீஸ் தோழி கலைவாணி போனை நீட்டினா. வெள்ளைக்காரன் காலத்து நிலப் பதிவேட்டுல ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வச்சிருந்தா.

“என் கொள்ளுத்தாத்தா பெரியசாமி. ஜெஞ்சாரோம் ஊர்ல விவசாயம் செஞ்சவரு. ஒரே நாள்ல கெடச்சிட்டாரு லா.”

நான் என் கொள்ளுத்தாத்தாவை மூணு வருஷமா தேடுறேன். ஒரு வரிகூட கெடைக்கல. வயிறு எரிஞ்சுது.

படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். ‘வேலு மகன் பெரியசாமி’ன்னு இருந்துச்சு. ஆனா தன் கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேரு கருப்பையான்னு போன வாரம் இவதான் எங்கிட்ட சொன்னா.

இது வேற பெரியசாமி.

அவ படத்துல பேருக்குப் பக்கத்துல இருந்த கைநாட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக் கண் கலங்கினா. “நல்லா தேடியிருக்கே”ன்னு மட்டும் சொன்னேன்.

இரக்கப்பட்டு இல்ல. இது வேற ஆளுன்னு சொன்னா, நாளைக்கே போய்ச் சரியான ஆளையும் கண்டுபிடிச்சிருவா.

நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?