அண்ணாச்சியின் டாக்சியில் ஒரு நீல ஒயர்

"அக்கா, செல்லப்பன் அண்ணாச்சி நம்மள விட்டுப் போயாச்சு." கிழக்கேகோட்டை டாக்சி நிறுத்தத்து ஓட்டுநர் ஒருவர், ஆரியசாலையில் என் கடைமுன் வண்டியை அணைக்காமலேயே சொல்லிவிட்டுப் போனார். வேறொருவர் செய்த ஒயரிங்கை ஒரு வாடிக்கையாளரிடம் நான் எள்ளிக்கொண்டிருந்த வேளை அது. அதையும் சொல்லிவிடுவதே முறை.

கார் ஸ்டீரியோ பொருத்தும் கடையை ஒரு பெண் நடத்துவதைக் கண்டு பலரும் சிரித்த நாளில், தம் டாக்சியை முதலில் கொண்டுவந்து நிறுத்தியவர் அண்ணாச்சி. ஸ்டீரியோப் பெட்டிகளோடு வரும் விளக்கத்தாள்களை அகராதியின் துணையோடு படித்துத் தேர்ந்தவள் நான். எனக்கு ஆசான் எவருமில்லை என்பதைப் பெருமிதத்தோடு கூறுவேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். "பெட்டியைத் தட்டினா வண்டி முழுக்க முழிக்கணும், கேட்டியா தங்கச்சி." ஆன்டெனா உயரவேண்டும், ஆம்ப்ளிபயர் உயிர்பெறவேண்டும், சிறு மின்விசிறி சுழலவேண்டும், முருகன் படத்தைச் சுற்றி வண்ண விளக்குகள் எரியவேண்டும். அன்று மாலையே நான்கும் விழித்தன. "நம்ம தங்கச்சி கையாக்கும்!" என்று அவர் நிறுத்தம் முழுவதும் சொன்னார். அந்தச் சொல்லால்தான் மற்ற வண்டிகள் என் கடைக்கு வந்தன.

சில மாதங்களில் ஒருமுறை தயங்கியபடி வந்தார். "ஆன்டெனா கொஞ்சம் மடிச்சு மடிச்சு, தயங்கித் தயங்கி ஏறுது தங்கச்சி. ஒண்ணு பாக்கியா?" நான் இருக்கையைவிட்டு எழவில்லை. குறை ஆன்டெனாவினுடையது, இணைப்பினுடையது அன்று எனத் தீர்ப்பளித்தேன். "அப்படியாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறர் வேலையை நான் பழிக்கும்போதெல்லாம் அவருக்குப் பொறுக்காது. "பாட்டு வருதுல்லா? போட்டவன் வீட்டுலயும் உலை வைக்கணும்லா" என்பார். நான் நகைப்பேன்.

காரியம் முடிந்தபின் அவர் மகன் முருகேசன், அந்தப் பெட்டியைப் புது வண்டிக்கு மாற்றித் தரும்படி கேட்டான். நிறுத்தத்து ஓட்டுநர்கள் சூழ நிற்க, பழைய டாக்சியின் டாஷ்போர்டு முன்பலகையைக் கழற்றினேன். உள்ளே, கருகிப்போன நான்கு ஒயர்கள் ஒரே முடிச்சாகக் கிடந்தன. பெட்டியிலிருந்து வரும் மெல்லிய நீல ஒயரில் நான்கையும் ஒருவர் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்பது விளங்கியது. 'விழித்துவிட்டேன்' என்று அறிவிப்பதற்கே உரிய ஒயர் அது. சுமையைத் தாங்குவதற்கு உரியதன்று. அந்த ஒயர் ரிலே என்னும் சிறு சுவிட்சை மட்டும் இயக்க, பேட்டரியின் மின்சாரம் பியூஸ் வழியாக ரிலேக்கு வந்து அங்கிருந்து மற்றவற்றுக்குச் செல்லவேண்டும். அவ்வாறன்றி நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை என்றே நம்பியிருந்தேன்.

"இதை எந்த அறிவுகெட்டவன் போட்டான்?" என்றேன், அனைவரும் கேட்கும்படி.

முருகேசன் விழித்தான். "அப்பா வேற யாரையும் தொட விடமாட்டாங்களே அத்தை. எல்லாம் நீங்க போட்டதுன்னுதான் சொல்லுவாங்க."

அப்போதுதான் முடிச்சின்மேல் மஞ்சள் தையல்நூலைக் கண்டேன். வெயிலில் டேப் இளகிவிடும் என்று ஆரம்ப நாள்களில் நூலால் கட்டுவது என் வழக்கம். முடிச்சின் பின்னே, வெளித்தெரியாதபடி, ஒரு ரிலே பொருத்தப்பட்டிருந்தது. நீல ஒயர் முடிச்சுக்கு முன்பே வெட்டப்பட்டு, இப்போது அதற்கு மட்டுமே சென்றது; மற்ற நான்குக்கும் மின்சாரம் ரிலேயிலிருந்தே போனது.

முதிய ஓட்டுநர் விஜயன் தொண்டையைச் செருமினார். "பெட்டி ஒருநாள் மிண்டாம, சத்தமே இல்லாம ஆயிடுச்சு சேச்சி. அண்ணன் நாகர்கோவில் வரை ஓட்டிட்டுப் போய் ஒயரிங்கை மாத்தினாரு. இங்க மாத்தினா தங்கச்சிக்குப் பேரு போகும், நூலையும் அறுக்கப்படாதுன்னு சொன்னாரு. என்கிட்டயும், மிண்டாதே விஜயான்னாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணாச்சியை அறிந்தவர்களே, அவர் என்னைப் பற்றி உங்களிடம் சொன்ன புகழை, நாகர்கோவிலில் பெயர் தெரியாத அந்தக் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவருடையதென நான் வைத்துக்கொள்வது ஒரு பதில் மட்டுமே. சென்ற வாரம் ஒரு வண்டியைத் திறந்தபோது, அதே நீல ஒயரில் மூன்று சுமைகள் தொங்கின. "ஆரு போட்டதோ, மோசமா இருக்கா சேச்சி?" என்றார் உரிமையாளர்.

"பாட்டு வருதுல்லா?" என்று சொல்லி, என் முகம் அவருக்குத் தெரியாதபடி முன்பலகைக்குள் குனிந்துகொண்டேன்.