கோடு கோடாகப் பச்சை

வெல்டா உன்ருவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அது போக, ஓர்லின் கோயரிங்கின் நூற்றறுபது ஏக்கரில் குத்தகைக்குக் குளிர்காலக் கோதுமை போடுகிறாள். கான்சஸில் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுவது நான். யார் வயலில் ஏக்கருக்கு எத்தனை புஷல் விளைந்தது என்பது எனக்கு அத்துப்படி. (ஒரு புஷல் கோதுமை என்றால் சுமார் இருபத்தேழு கிலோ.)

பிப்ரவரியில் பயிருக்குத் தழைச்சத்துத் திரவத்தை இங்கே எல்லோரும் விசிறித்தான் அடிப்பார்கள். இலையெல்லாம் நனையும்; வெயில் ஏறினால் நுனி கருகும். வயல் ஒரே சீராகத் தெரிந்தால் போதும் இவர்களுக்கு. வெல்டா தெளிப்பானின் விசிறி முனைகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய தாரையாக ஊற்றும் முனைகளை மாட்டினாள். உரம் இலையில் தங்காமல் மண்ணுக்குப் போகட்டும் என்று நினைத்தாள். தரை உறைந்து டிராக்டரைத் தாங்கும் விடியலில் அடித்துவிட்டுப் பேருந்தை எடுக்கப் போனாள்.

அப்புறம் மூன்று வாரம் மழையே இல்லை. தாரை விழுந்த இடம் பச்சை, இடைவெளி மஞ்சள் என்று வயல் முழுக்கக் கோடு விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்தவர் வயலை நோட்டம் விடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று எல்லா வண்டிகளும் அங்கேதான் நின்றன. முதல் ஆளாக வாயைத் திறந்தவன் அவளோடு படித்த டெல்மர். அந்த நிலத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"என்ன வெல்டா, வயலுக்குப் பைஜாமா தச்சுப் போட்டிருக்கே?"

"உன் வயல அடுப்புல வாட்டி வெச்சிருக்கியே, அதுக்கு இது தேவலடா."

ஓர்லின் சிரிக்கவில்லை. "ஏம்மா, ஊரே என் நிலத்தப் பாத்துச் சிரிக்குது. அறுப்புல டெல்மரவிட ஒரு புஷல் கொறஞ்சாலும் நிலம் அவனுக்குத்தான்."

"ஒரு மழ வரட்டுங்க. வேரு தேடிப்போய் எடுத்துக்கும்."

"மழ உன் பேச்சக் கேக்குமா?"

அந்த மனிதர் வண்டியை விட்டு இறங்கி ஒரு செடியைக்கூடப் பிடுங்கிப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காவது வாரம் மழை கொட்டியது. ஏப்ரல் பாதிக்குள் மஞ்சளெல்லாம் பச்சையாகிவிட்டது. அப்போதும் ஓர்லின் தன் நிபந்தனையை விடவில்லை.

ஜூன் அறுப்பில் டெல்மருக்கு ஏக்கருக்கு நாற்பத்தேழு புஷல். மறுநாள் வெல்டாவின் கடைசி லாரி எடைமேடை ஏறியபோது ஓர்லினும் வந்து நின்றார். நான் இரண்டு தடவை கூட்டி, ஏக்கருக்கு வகுத்துப் பார்த்தேன். பிறகு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன்: "ஐம்பத்தொம்பது!"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஓர்லின் தொண்டையைக் கனைத்தார்.

"சரிம்மா. அடுத்த வருஷமும் நீயே பண்ணு."

"வருஷா வருஷம் வாய்ப்பேச்சா வேண்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுங்க."

"இப்பவேவா?"

"இப்பவேதான்."

எடைச்சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டேன்.