கையில் இருந்த பிளக்

கொச்சி மட்டாஞ்சேரியில் முப்பது வருடம் கார்ப்பரேஷன் சாக்கடைக்குள் இறங்கி வேலை பார்த்தவன் நான். உள்ளே பாம்பு பார்த்திருக்கிறேன். ஒரு முறை முழுக் கட்டில் பார்த்திருக்கிறேன். பேய் பார்த்ததில்லை. யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து சாயா குடிக்கப் போய்விடுவேன். இதைப் படிக்கிறவர்களும் அப்படிப் போகலாம். நடந்ததை எழுதுகிறேன்.

அன்று மூன்று மணிக்கு என் மகள் செல்விக்கு இன்டர்வியூ. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ. இதற்கு முன் இரண்டு கைவிட்டுப் போயின. இரண்டிலும் பேச்சின் நடுவில் நெட் நின்று, அவள் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டாள். எதிரில் இருந்தவர்கள் நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். இதுவும் போனால் தோப்பும்படியில் இறால் உரிக்கப் போகிறேன் என்றாள். பி.காம் படித்த பெண்.

குற்றம் ரவுட்டர் மேல். என் மனைவி பாக்கியம் வேலை பார்க்கும் ஃபோர்ட் கொச்சி லாட்ஜில் வேண்டாம் என்று போட்ட கிழட்டுப் பெட்டி. கம்பெனி வைத்த சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு, யாரோ புண்ணியவான்கள் சும்மா எழுதித் தருகிற வேறொன்றைச் செல்வி போன வருடமே அதில் ஏற்றியிருந்தாள். இப்போது அதிலேயே புதியது வந்திருக்கிறது, அதை ஏற்றினால் நெட் நிற்காது என்று மதியம் உட்கார்ந்தாள்.

"அப்பா, இது ஏறி முடியிற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது. போனா பெட்டி செத்துடும். அப்புறம் பேப்பர் பறக்காம வைக்கத்தான் ஆகும்."

"நான் என்ன செய்ய?"

"பிளக்கை யாரும் தொடாம பாத்துக்குங்க."

முதலில் அடுத்த வீட்டு கதீஜா இத்தாவிடம் போனேன். இத்தா என்றால் இங்கே அக்கா. எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் இன்னொரு வீட்டில் ஃபேன் தளரும். இத்தா தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் மிக்ஸி வேண்டாம், இத்தா. மகளுக்கு இன்டர்வியூ."

"மோளோட இன்டர்வியூவுக்கும் என் மிக்ஸிக்கும் என்ன பந்தம், சேட்டா?"

"தெரியாது. நிறுத்துங்க."

நிறுத்தினார். நான் திரும்பி வந்து பிளக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன்.

வானம் கறுத்தது. எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு டிவி கருகிப் போனதிலிருந்து, இடி இடித்தால் பாக்கியம் அடுக்களையில் இருந்தபடியே "பிளக்கு" என்பாள். என் கை உருவிவிடும். யோசிப்பதெல்லாம் கிடையாது.

செல்வியின் திரையில், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற கோடு பாதி தாண்டியிருந்தது. கூரை மேலேயே விழுந்த மாதிரி ஓர் இடி. ஃபேன் நின்றது. வரிசை முழுக்கக் கரண்ட் போனது. அடுக்களையிலிருந்து "பிளக்கு" என்று குரல் வந்தது.

உருவிவிட்டேன்.

காவல் இருந்தவனே உருவினேன். செல்வியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ரவுட்டரைப் பார்த்தேன். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், சுவரில் கரண்ட் இல்லை, இருந்திருந்தாலும் பிளக் என் கையில், அது பாட்டுக்குச் சிமிட்டுகிறது, பேட்டரியில் ஓடும் செல்வியின் கம்ப்யூட்டரில் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, என் உள்ளங்கையில் பிளக் இளஞ்சூடாக இருக்கிறது.

"அசையாதீங்கப்பா," என்றாள் செல்வி. உதடு அசையாமல் சொன்னாள்.

அசையவில்லை. வாசலில் கதீஜா இத்தா வந்து நின்றார்.

"இங்கயும் கரண்ட் போயாச்சா? அது மட்டும் எப்படி எரியுது?"

பிளக்கைத் தூக்கிக் காட்டினேன். இத்தா நேராகப் போய்த் தன் மிக்ஸி பிளக்கையும் உருவிவிட்டார்.

கோடு நிறைந்தது. முடிந்தது என்று எழுத்து வந்ததாம். அப்புறமும் நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்தது. பிளக்கைச் சொருகினேன். அப்போதுதான் அந்த விளக்கு ஒரே ஒரு கணம் அணைந்து, மறுபடி எரிந்தது. சாக்கடை மூடியை இரண்டு பேர் தூக்கும்போது, இந்தப் பக்கம் நன்றாகப் பிடித்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கத்து ஆள் கையை எடுப்பான். அந்த மாதிரி இருந்தது.

மூன்று மணிக்குச் செல்வி பேசினாள். முக்கால் மணி நேரம், ஒரு முறைகூட உறையவில்லை. வேலை கிடைத்தது.

லாட்ஜில் தங்கியிருந்த இன்ஜினியர் ஒருவரிடம் பாக்கியம் கேட்டாள். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்குப் போகிற கம்பி வழியாகக் கொஞ்சம் கரண்ட் போயிருக்கும் என்றார். மறுநாள் அவரே தன் ரவுட்டரில் செய்து பார்த்து, எரியவில்லை என்றார். அதற்கடுத்த நாள் அறையைக் காலி செய்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

அடுத்த முறை கரண்ட் போனபோது கதீஜா இத்தா என்னைக் கூட்டிப்போய் ஃபிரிட்ஜ் பிளக்கைக் கையில் கொடுத்தார்.

"பிடிச்சுப் பாருங்க சேட்டா. உள்ள ரெண்டு கிலோ மீன் இருக்கு."

அரை மணி நேரம் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மீன் கறி மட்டும் ராத்திரி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

இப்போதும் இடி இடித்தால் பாக்கியம் குரல் கொடுக்கிறாள். டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாம் உருவுகிறேன். ரவுட்டரை மட்டும் உருவுவதில்லை. கருகினால் கருகட்டும். உருவி, அது அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது.