ஜீப்புக்கு வின்ச், வின்ச்சுக்குக் கம்பளி

சேற்றிலும் மணலிலும் சிக்கிய வண்டியை இழுக்க, ஜீப்பின் முன்னால் வின்ச் மாட்டித் தருவது என் பிழைப்பு. ஒரு மோட்டார், ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு. சாமான் இவ்வளவுதான். பொருளையும் விற்று, 'அப்படிச் செய்யாதீங்க, இப்படிச் செய்யாதீங்க' என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்தவும் வேண்டிய தொழிலில் இருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

எத்தனை டன்?

ராயபுரம் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிறு பூசை முடிந்தால் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு எண்ணூர் மணல் பக்கம் கிளம்பிவிடுவார். சாத்தாங்காட்டில் என் பட்டறைக்கு வந்தவர், இருப்பதிலேயே பெரிய வின்ச்சைக் கேட்டார். டன் கணக்கில் தூக்கிப் பழகிய கை ஆயிற்றே! சாமான் ஏற்றிய ஜீப்பின் எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுத்தால் போதும், அதற்கு மேல் போனால் வின்ச்சின் கனத்திலேயே ஜீப்பின் மூக்கு மணலில் புதையும் என்றேன்.

உருளையில் கடைசி ஐந்தாறு சுற்றை மட்டும் விட்டுவைத்து, மீதிக் கயிற்றை வெளியே விட்டு இழுத்தால்தான் முழு பலம். சுற்று மேல் சுற்று ஏற ஏறப் பலம் குறையும் என்பதையும் சொன்னேன். குனிந்து உருளையைத் தட்டிப் பார்த்தார். "அதுவும் நம்மள மாரிதான் மாமு. மேல மேல ஏத்திக்கினே போனா எவனால இழுக்க முடியும்?"

சிவப்புக் கம்பளி

விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். குறுக்கே இருப்பவன் கால் போய்விடும். கயிற்றின் நடுவில் கனமான கம்பளி ஒன்றை நனைத்துப் போட்டால், அந்த வேகத்தை அது தரையில் அமுக்கிவிடும். இதை அந்தோணி வீட்டில் வைத்துச் சொன்னது என் தப்பு. வேளாங்கண்ணி போனபோது வாங்கிய சிவப்புக் கம்பளியை அப்போதே பீரோவிலிருந்து உருவிவிட்டார். அவர் மனைவி மேரி வாசலை மறித்தார். "இத்தினி வருசத்துல உனக்குக் குளுருதான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. இரும்புக் கம்பிக்குப் போத்தப் போறாராம்!"

சும்மா நிற்காத ஊர்

ஒரு ஞாயிறு எண்ணூர் கரையில், அந்தோணிக்குப் பழக்கமான மீன் வியாபாரி செல்வத்தின் வண்டி அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போனால் அவர் பிழைப்பே போச்சு. அவர் போன் போட, அந்தோணி என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். சக்கரத்து மணலைத் தோண்டி, வண்டியின் வளையத்தில் கொக்கியை மாட்டி, மேரியிடம் எப்படியோ கெஞ்சி வாங்கி வந்திருந்த சிவப்புக் கம்பளியை நனைத்துக் கயிற்றின் மேல் போட்டோம். அந்தோணி ஜீப்புக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். கயிறு விறைத்ததுதான் தாமதம், குப்பமே ஓடி வந்து 'ஐலசா' என்று அதைப் பிடித்துவிட்டது! 'விடுங்க, விடுங்க' என்று கத்தினேன். செல்வம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாண்ணே பேசுற? எங்க குப்பத்துல கயித்துல கை வெக்காதவனுக்குக் கொழம்பு மீன் கெடையாது." வலை இழுக்கக் கை கொடுத்தவனுக்கெல்லாம் குழம்புக்கு மீன் தருவது அங்கே வழக்கம்.

கடைசிக் கை

அந்தோணி மோட்டாரை நிறுத்திவிட்டார். கடைசிக் கை விலகும் வரை பொத்தானைத் தொடமாட்டேன் என்றார். துறைமுகத்துப் பழக்கம், அசைக்க முடியாது. அலை வந்து பின்சக்கரத்தை நனைத்தது. செல்வம் வண்டியைப் பார்த்தார், உதவிக்கு வந்த சொந்தபந்தங்களைப் பார்த்தார். பிறகு அவரே ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து, இழுத்து வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தனை பேருக்கும் முகம் தொங்கிவிட்டது.

மறுபடி இழுத்தோம். வண்டி கெட்டி மணலில் ஏறி நின்ற நேரம், டமார் என்று வளையம் பிய்ந்தது. கயிறு துள்ளியது, கம்பளி அதை அமுக்கிக்கொண்டு, சற்றுமுன் அத்தனை கால்கள் நின்ற இடத்திலேயே விழுந்தது. கயிறு விழுந்து மணலில் கீறிய கோட்டைச் செல்வம் பார்த்தார். வண்டிக்குப் போய் மீன் கூடையைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார். "கயித்த வுட்டவனுக்கும் இன்னிக்கு மீன் உண்டு. எல்லாரும் வந்து வாங்கிக்கினு போங்க."

வின்ச் மாட்ட அரை நாள் போதும் ஐயா, அது இழுக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நம் ஜனங்களைப் பழக்கத்தான் ஆயுசு போதாது.