பார்வதி தூங்க, நாங்கள் கேட்க...

சென்ற மாதம் ஒரு நாள் பேக்டரி ஆபீசுக்குத் தாமதமாகப் போனேன். மேனேஜர் காரணம் கேட்டார். 'ஜாம்' என்றேன். உண்மையான காரணம் சாமி. அதை எப்படி மேனேஜரிடம் சொல்வது?

எங்கள் ஈஜோக் ஊரிலிருந்து ராவாங்கில் உள்ள பேக்டரிக்கு எங்களை ஏற்றிப்போவது மணியம் அண்ணனின் வேன். அதில் ஒரு வழக்கம் உண்டு. முன் சீட்டில் உட்காருபவரின் போன்தான் ஸ்பீக்கரில் பாடும். அவர் போடுவதை எல்லாரும் கேட்டாக வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

கொஞ்ச நாளாக முன் சீட்டு பார்வதிக்கு. பேக்கிங் பிரிவில் வேலை. அவள் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் பதிகப் பாராயணம் முழுவதையும் கேட்டு முடிப்பதாக வேண்டிக்கொண்டாள். பாட்டு, அதற்கு விளக்கம், அதற்கொரு கதை என்று மணிக்கணக்கில் ஓடும் ஆடியோ அது. வீட்டில் ஏது நேரம்? ஆகவே வேன்.

முதல் நாளே மணியம் அண்ணன் முணுமுணுத்தார்.

"காலங்காத்தால சினிமா பாட்டு கேட்டுப் போற வண்டி லா இது!"

சினிமா பாட்டு போனது. பதிகம் வந்தது. நடுநடுவே விளம்பரமும் வந்தது... இலவச ஆப் அல்லவா? பக்திப் பரவசத்தில் இருந்த செல்வி, பின் சீட்டில், முகப்பரு கிரீம் விளம்பரத்துக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். வேண்டிக்கொண்டவள் தூங்கிவிடுவாள்.

செம்பனைத் தோட்டம் தாண்டுவதற்குள் பார்வதியின் தலை கண்ணாடியில் சாய்ந்துவிடும். ராத்திரி முழுக்க மூச்சு வாங்கும் கணவர் பக்கத்தில் விழித்திருப்பவள், வேறு எங்கேதான் தூங்குவாள்? பாவமாக இருந்தது. ஒருநாள் பின்னாலிருந்து எட்டி ஆடியோவை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்துனீங்க?" – மணியம் அண்ணன்.

"பார்வதி தூங்குதுண்ணே."

"அது தூங்கட்டும். நமக்குக் கதை பாதியில நிக்குதே! போடுங்க லா."

ஆபரேஷனுக்கு முதல் நாள், பேக்டரி வாசலில் திடுக்கிட்டு விழித்த பார்வதி அழுதேவிட்டாள்.

"நான் எங்கேக்கா கேட்டேன்? பாதிக்கு மேல தூங்கிட்டேன். சாமிய ஏமாத்திட்டேனே... அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிற நான், கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

மணியம் அண்ணன்தான் பேசினார். "முடியாதவங்களுக்கு பேக்டரில ஷிப்டு மாத்தி விடறீங்கல்ல? அது மாதிரிதான். உனக்குப் பதிலா நாங்க கேட்டோம். நாளைக்கு நீ ஆஸ்பத்திரியில இரு. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

மறுநாள் முன் சீட்டு காலி. யாரும் அங்கே உட்காரவில்லை. அண்ணனின் போனிலேயே பாராயணம் ஓடியது. பேக்டரி வாசலில் வேன் நின்றபோது கடைசிப் பதிகம் பாக்கி. தாமதமாக வருகைக் கார்டு தட்டினால் அலவன்ஸ் போய்விடும். செல்வி கைப்பையைத் தோளில் மாட்டினாள்... பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் இறங்கவில்லை. முகப்பரு கிரீம் உட்பட முழுதாகக் கேட்டு முடித்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் பார்வதியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். அழுகைக்கு நடுவே ஒரே வார்த்தைதான் புரிந்தது.

"முழிச்சிட்டாருக்கா!"

பிழைக்க வைத்தது பதிகமா, டாக்டரா? எனக்குத் தெரியாது. ஆனால் நமக்காகக் கேட்கும்போது மனசு மார்க்கெட்டுக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் ஓடுகிறது. அடுத்தவருக்காக உட்கார்ந்தால்... காது ஒழுங்காக வேலை செய்கிறது!

இந்தத் திங்கட்கிழமை பார்வதி வேலைக்குத் திரும்பினாள். முன் சீட்டில் உட்கார்ந்து, நன்றிக்காக என்று, பாராயணத்தை முதலிலிருந்து போட்டாள். தோட்டம் தாண்டவில்லை. தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

மணியம் அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம ஷிப்டு ஆரம்பிச்சிருச்சு."